பிள்ளைகளின் வானை யார் ஓட்டுவது

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் கனடாவின் மொன்றியல் துறைமுகத்தில் என் லொறிகள் ஓடின. கோயில் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்கும் நானே தலைவன். சிறுபிள்ளையிடம் தவறாக நடந்து தண்டனை பெற்று, பொலிசில் தன் விபரத்தைப் பதிந்து வரவேண்டும் என்ற கட்டளைக்கும் உட்பட்டிருந்த என் சாரதி ஒருவன், ஒருநாள் சிரித்தபடி வந்தான்.

"அண்ணை, இனிப் பொலிசிலை போய்ப் பதியத் தேவையில்லை. கோட்டிலை கட்டளையை நீக்கிப்போட்டாங்கள். போட்டிக்குப் பிள்ளையளை ஏத்திப்போற வானை நான் ஓட்டட்டோ?"

"நல்லது தம்பி. பொலிசுக்குப் போகத் தேவையில்லை எண்டுதானே சொன்னவை? பிள்ளையளை ஏத்து எண்டு சொல்லேல்லையே!"

அவன் முகம் சுருங்கியது. "அப்ப நான்?"

"லொறியை ஓட்டு. கொண்டெயினருக்குத் தாய் தகப்பன் இல்லை, ஒருத்தரும் என்னட்டைக் கேள்வி கேக்க வராயினம்."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போட்டி நாளன்று வானை நானே ஓட்டினேன். பிள்ளைகள் பிரெஞ்சில் பாடினார்கள். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் எல்லோரையும்விட உரக்கப் பாடியவன் நான்தான்.