தாயம்மா கட்டிய கல்லறைத் தோட்டத்துச் சுவர்

காசிமேட்டுத் தாயம்மாவுக்கு வில்சன் பில்டர்ஸ் பிறந்த வீடு மாதிரி. ராயபுரத்துக் கம்பெனி அது. டோல்கேட் பக்கத்து குடோன்கள், பாரிமுனையில் கண்ணாடி பதித்த கடை வளாகம் என்று அவர்கள் கட்டியதில் எல்லாம் அவள் சித்தாளாகக் கலவை சுமந்திருக்கிறாள். பார்த்துப் பார்த்துக் கொத்துக்கரண்டி பிடிக்கவும் பழகிக்கொண்டாள். ஆனால், "பொம்பள கட்ன செவுரு நிக்குமா?" என்று கொத்தனார்கள் சிரித்துத் தள்ளிவிடுவார்கள்.

அந்த வருடம் யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துச் சுவர் மழையில் சரிந்தது. எந்தக் காலத்திலோ பவளமும் வைரமும் விற்க வந்து, சென்னையிலேயே கண்மூடியவர்களின் இடம். வேலை கம்பெனிக்கு வந்தபோது ஆடி மாதம். கல்லறை என்றதும் கொத்தனார் ஒருவரும் வரவில்லை.

"நான் கட்றேன் சார்," என்றாள் தாயம்மா.

முதலாளி வில்சன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பயமா இல்ல உனக்கு?"

"கடலுக்குப் போன புருசன் வர்ற வரிக்கும் தெனம் பயந்துகினுதான் கீறேன். இவங்க இன்னா பண்ணிடப் போறாங்க, பாவம்?"

சுவர் நூல் பிடித்தாற்போல் எழுந்தது. வேலை முடிந்ததும் இடத்தைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டுமென்று, கல்லறைகள்மேல் கிடந்த கூழாங்கற்களைக் கூடையில் வாரி ஜல்லிக் குவியலில் கொட்டினாள்.

மறுநாள் கொச்சியிலிருந்து சிம்ஹா என்ற யூத அம்மாள் வந்தார். அவருடைய முன்னோர் ஒருவரின் கல்லறை அங்கே இருந்தது. அது வெறிச்சென்று கிடப்பதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. மற்றவர்கள் பூ வைப்பதுபோல் தங்கள் ஆட்கள் கல் வைப்பார்கள் என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

தாயம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, கலீஜுன்னு நெனச்சி நான்தாம்மா வாரிட்டேன்!"

ஓடிப்போய்க் குவியலைக் கிளறினாள். எது யாருடைய கல் என்று எப்படித் தெரியும்? கண் கலங்கிவிட்டது. சிம்ஹா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானும் பொறுக்கத் தொடங்கினார்.

"ஏது கல்லாயாலும் மதி. நினைச்சு வச்சா போதும்."

இருவரும் கல்லறை கல்லறையாகப் போய்க் கல் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் தாயம்மா குனிந்து, "மன்னிச்சுக்க நைனா," என்றாள். ஓரிடத்தில் சிம்ஹா எழுத்தைப் படித்துவிட்டு, "இது பெண்ணாக்கும்," என்றார்.

"அப்டியா? மன்னிச்சுக்க ஆயா."

சிம்ஹா வாய்விட்டுச் சிரித்தார். புறப்படும்போது புதுச் சுவரைத் தடவிக்கொண்டே வில்சனிடம் வெகுநேரம் பேசினார். என்ன சொன்னாரோ, அடுத்து பாரிமுனையில் எடுத்த வணிக வளாகத்தின் முகப்புச் சுவரை வில்சன் தாயம்மாவிடமே கொடுத்தார். கொத்தனார்கள் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டார்கள். பிறகு, சாரத்தின்மேல் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்கள்.

கடலுக்குப் போகாத நாட்களில் அவள் புருசன் தாமோதரன் எதிர்ப்பக்க டீக்கடைக்கு வந்துவிடுவான். கிளாஸை ஆறவிட்டு, அண்ணாந்து பார்த்தபடி டீ மாஸ்டரிடம் சொல்வான்:

"அதோ, செவுப்புத் துண்டு கட்டிகினு நிக்கிது பாரு. நம்ம வூட்டுக்காரி!"