காலஞ்சென்ற என்று எழுதாத பெயர்

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் ஒரே தம்பி எழுதுவது. அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. எட்டு வருடம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்காதவன் நான்.

அக்கா உரும்பிராயில் வெங்காயத் தோட்டக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எங்கள் தகப்பன் நேரத்தோடு இறந்துவிட, அம்மாவோடு தோட்டத்தில் நின்றுகொண்டே படித்து ஆசிரியரானார். என்னைப் படிப்பித்தவரும் அவரே. யுத்தத்தால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து இருந்த நாட்களிலும் மரத்தடியில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினார். அத்தான் இருதய நோயால் இறந்தபின் மகன் ஒருவனே அவருக்கு எல்லாம்.

யுத்தத்தின் பிற்காலத்தில் ஒரு நாள், அக்காவோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அந்த மகனைச் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் இறக்கிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை.

யுத்தம் முடிந்தபின் தெற்கிலிருந்து ஒரு சிங்கள ஆசிரியை அக்காவின் பாடசாலைக்கு வந்தார். அவருடைய தமையனும் இராணுவத்துக்குப் போய்த் திரும்பாதவர். பாடசாலை விட்டபின் அக்கா அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அவர் அக்காவுக்குச் சிங்களம். ஐம்பதை நெருங்கிய வயதில் அக்கா புதுக் கொப்பி வாங்கி எழுத்துப் பழகினார். பிறகு பின்னேரங்களில் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சிங்களம் படிப்பிக்கத் தொடங்கினார். என் மகளும் போனாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. வகுப்புக்கு நடுவில் போய் மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். "பிள்ளையைக் கொண்டுபோனவங்கடை பாஷையைச் சொல்லிக்குடுக்கிறியளே, வெக்கமில்லையோ?" என்று கத்தினேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "தம்பி, பிள்ளையை இறக்கேக்கை அவங்கள் என்னவோ சொன்னவங்கள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஒரு தாளை நீட்டினவங்கள். சைன் வைச்சால் விடுவாங்கள் எண்டு நினைச்சு வைச்சுப்போட்டன். அதிலை என்ன கிடந்ததெண்டு இண்டைக்கும் தெரியாது. இனி ஒரு தாய் அப்பிடி நிக்கப்படாது. அங்காலை, சிங்களப் பக்கத்திலையும் பிள்ளையைத் தேடுற தாய்மார் இருக்கினம். அவையளோடை நான் என்னத்திலை கதைக்கிறது?"

நான் மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன்பின் நல்லது கெட்டது எதற்கும் போகவில்லை. தைப்பொங்கலுக்கு அக்கா பொங்கல் அனுப்புவார். பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்புவோம். அக்கா சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "சாப்பிட்டியோ?" என்று கேட்டார். மூன்றாம் நாள் போய்விட்டார். "கொள்ளி வைக்க என்ரை பிள்ளை வருவான்" என்று கடைசிவரை சொன்னவருக்கு நான் கொள்ளி வைத்தேன்.

அந்தச் சிங்கள ஆசிரியை இரண்டு பஸ் மாறி வந்து எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை எங்களோடு இருந்தார். ஆறாம் நாள் காணாமல் போனோரைப் பற்றி விசாரிக்கும் அலுவலகத்திலிருந்து அக்காவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். என் மகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அன்று நான் இழுத்துக்கொண்டு வந்திராவிட்டால் அவளே வாசித்திருப்பாள். ஆசிரியைதான் வாங்கி வாசித்து, அக்கா பழக்கிய தமிழில் சொன்னார்: "மகனைப் பற்றி விசாரிக்க அம்மாவை வரச் சொல்லியிருக்கினம்." சொல்லிவிட்டு அவரும் அழுதார். இத்தனை வருடமாக மகனைத் தேடி அக்கா எழுதிய கடிதங்களுக்கு வந்த முதல் பதில் அது.

இந்த மலரை அச்சிடக் கொடுத்தபோது அச்சகக்காரர் கேட்டார்: "மகன்ரை பேருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' போடுறதோ, அண்ணை?"

"போடாதையுங்கோ" என்றேன். அக்கா ஒருநாளும் அப்படி எழுதவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், பந்தல் போட்டுச் சமைத்துத் தந்த அயலவருக்கும், தேவாரம் பாடிய அக்காவின் மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. என் அக்காவைத் தன் அக்காவாக நினைத்து அழுத அந்த ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

விசாரணைக்கு நான் போகிறேன். ஆசிரியையும் துணைக்கு வருகிறார். ஆனாலும் முதல் கேள்வியை நானே கேட்க வேண்டும். அக்காவின் கொப்பியில் முதல் பக்கம் முழுக்க ஒரே சிங்கள வசனம். கீழே தமிழில் பொருள் எழுதியிருக்கிறார்: 'என் மகன் எங்கே?' அதை 'என் அக்காவின் மகன் எங்கே?' என்று மாற்றி, நானும் என் மகளும் தினமும் எழுதிப் பழகுகிறோம்.

பிந்தித்தான் வந்திருக்கிறேன், அக்கா.