நாலு நிமிஷத் தாமதம்

டிப்போவில் அவருக்கு ‘நாலு நிமிஷம்’ என்றே பெயர். பத்தொன்பது வருடமாக பஸ் ஓட்டுகிறவர். ஒரு விபத்து கிடையாது, ஒரு வம்பு கிடையாது. காலை ஏழே கால் டிரிப் மட்டும் நாள் தவறாமல் நாலு நிமிஷம் பிந்தும். அச்சக நிறுத்தத்தில் அவர் மனைவி டீக்கடை வைத்திருந்தாள். ஜன்னல் வழியே டம்ளரை நீட்டுவாள். அவர் ஊதி ஊதிக் குடிப்பார். ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்த அந்த இருவரும் முகம் பார்த்துப் பேசியது அந்த நாலு நிமிஷம்தான். டிரிப் ஷீட்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டுமே? ‘நிறுத்தத்தில் கூட்டம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அப்புறம் நகரத்துக்கு உலகக் கண்காட்சி வந்தது. ஐம்பது நாடுகள், ஆறு மாதம். எல்லார் வீட்டிலும் பணம் கொட்டும் என்றார்கள். கொட்டத்தான் செய்தது, கொட்டிய இடம்தான் வேறு. கண்காட்சி வாசலில் கடை பிடித்தவன் மாடி கட்டினான். ஹோட்டல் வைத்திருந்தவன் இன்னொரு ஹோட்டல் கட்டினான். இவருக்கும் புதுச் சீருடையும் ஏசி பஸ்ஸும் கிடைத்தன. தடம் விரைவுத் தடமானது. அச்சக நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள்.

முதல் நாள் கடையைத் தாண்டும்போது பிரேக்கை நோக்கிப் போன காலை இழுத்துக்கொண்டார். புது பஸ்ஸின் ஜன்னல் திறக்காது. அவள் டம்ளரோடு நின்றது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

பஸ் நிற்காத இடத்தில் யார் டீ குடிப்பார்கள்? இரண்டே மாதத்தில் அவள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

"மேலிடத்து உத்தரவு. நம்ம கையில என்ன இருக்கு?"

அவருக்கு உண்மையிலேயே தெரியாது, பாவம்.

கண்காட்சி முடிந்தது, கொடிகளை இறக்கினார்கள். விரைவுத் தடம் லாபமாம், அப்படியே இருக்கட்டும் என்றார்கள். பொறுத்தது போதும் என்று அவளே தலைமை அலுவலகத்துக்குப் போனாள்.

அன்று மாலை அவர் வீடு திரும்பியபோது மேசைமேல் ஒரு கட்டு டிரிப் ஷீட் நகல்கள் கிடந்தன. தடத்திலேயே அதிகம் தாமதமாகும் நிறுத்தம் அச்சக நிறுத்தம்தானாம், அதனால்தான் எடுத்தார்களாம். ஆதாரம் இருக்கிறது என்று அதிகாரி அவள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தாளிலும் ‘நிறுத்தத்தில் கூட்டம்’. தேதி மட்டும் மாறியிருந்தது. தன் கையாலேயே அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கிறார்.

"டீ குடிச்சேன்னு நீங்க எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒரு மெமோ வந்திருக்கும்."

அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கி அவர் பக்கம் தள்ளினாள்.

"கூட்டமாம்," என்றாள். "உங்க ஜன்னல்கிட்ட நான் ஒருத்திதானே நின்னேன்."