டெஸ்டுக்கு வந்த இரங்கல்கள்

எங்கள் பங்காளிகளின் வாட்ஸப் குரூப் குலசாமி கும்பிடுவதற்காகத் தொடங்கியது. சாமி வருஷத்துக்கு ஒருமுறைதான் அதில் எட்டிப் பார்க்கும். மற்ற நாளெல்லாம் "டெஸ்ட்"தான். அனுப்புகிறவர் திருவாதவூரில் தனியாக இருக்கும் என் சித்தப்பா. மழை பெய்து ஓய்ந்தால் ஒரு டெஸ்ட், கரண்ட் போய் வந்தால் ஒரு டெஸ்ட், ரீசார்ஜ் பண்ணினால் கேட்கவே வேண்டாம். உடனே ஒருத்தன் கட்டைவிரலைக் காட்டுவான், இன்னொருத்தன் "வந்துருச்சுண்ணே" என்பான். வேலைவெட்டி இல்லாத கூட்டம். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் போன் போட்டே சொன்னேன்.

"சித்தப்பா, மெசேஜ் போச்சுன்னா ரெண்டு டிக் விழும். அதப் பாத்தாப் போதும்."

"விழுகுதுப்பா. யாரும் பாத்தாகளான்னு தெரியணும்ல" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

என் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். திருநகரில் எங்கள் வீட்டுப் பக்கத்து மண்டபம். முந்தின நாள் மத்தியானம், வாழைமரம் கட்ட வந்தவர்களோடு நான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது குரூப்பில் ஒரு படம் வந்தது. கறுப்பு ஓரம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே "கண்ணீர் அஞ்சலி". நடுவில் சித்தப்பா, வெள்ளைச் சட்டையில் சிரித்தபடி.

அவர் நம்பரிலிருந்தே வந்திருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் யாரோ அவர் போனை எடுத்து அனுப்பியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். காலையில்தான் டெஸ்ட் அனுப்பியிருந்தார் மனுஷன். அழுகை வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு பயமும் வந்தது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் எங்களுக்கெல்லாம் தீட்டு, பதினாறு முடியும்வரை நல்ல காரியம் எதுவும் கூடாது. நான் நினைத்து முடிப்பதற்குள் கீழக்குயில்குடியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா பேசிவிட்டார். எங்கள் ஆள் எவனோ அவருக்கும் படத்தைத் தட்டிவிட்டிருக்கிறான்.

"மனசத் தேத்திக்கங்க சம்பந்தி. நிச்சயத்தத் தள்ளி வச்சுருவோம். ஆனா எங்க வீட்டுப் பெருசுக, சகுனம் சரியில்ல, ஒருதடவ யோசிங்கன்னு சொல்லுதுக."

தள்ளி வைப்பது வேறு, யோசிப்பது வேறு. என் மகள் கையில் மருதாணியோடு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

சித்தப்பாவின் எண்ணுக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். குரூப்பில் அதற்குள் "ஆழ்ந்த இரங்கல்" குவிந்துவிட்டது. "எப்ப எடுக்குறாக?" என்று ஒருத்தன் கேட்டிருந்தான். பதில் சொல்ல ஆளில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திருவாதவூரில் சித்தப்பா தெருவில் பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, கொட்டுச் சத்தம் இல்லை. அதற்குள்ளேயா தூக்கிவிட்டார்கள் என்று பதறிப்போய்க் கதவைத் தள்ளினேன். சித்தப்பா லுங்கியோடு உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா. புது போனு வாங்குனேன். படம் போகுதான்னு ஒண்ணு அனுப்புனேன். கீழ டெஸ்ட்டுனு போடுறதுக்குள்ள சார்ஜ் எறங்கி அணைஞ்சுருச்சு. வந்துச்சா?"

"அனுப்புறதுக்கு அந்தப் படமா கெடச்சுச்சு உங்களுக்கு?"

"அதுலதான்ப்பா நான் நல்லா விழுந்துருக்கேன். நம்ம பக்கம் செத்தவுக போஸ்டரப் பாத்தியா? ஆதார் கார்டு மூஞ்சியப் போட்டு ஒட்டிர்றானுக. அதான் உசுரோட இருக்கையிலயே பிளக்ஸ் கடையில சொல்லி டிசைன் பண்ணி வச்சுட்டேன்."

அவரைக் கட்டிப்பிடிப்பதா, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பதா என்று தெரியவில்லை. சம்பந்திக்கு வீடியோ கால் போட்டு போனைச் சித்தப்பா மூஞ்சிக்கு நேராக நீட்டினேன்.

"நல்லாருக்கேன் சம்பந்தி. சாப்ட்டீகளா?" என்றார் சித்தப்பா.

அந்தப் பக்கம் சம்பந்தி சிரித்துவிட்டார். "அப்பச் சரி, காலைல வந்துர்றோம்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சித்தப்பா என் போனை வாங்கி, தனக்கு வந்த இரங்கல்களை விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். படித்து முடித்துவிட்டு வாசலைப் பார்த்தார். அடுத்த ஊரில் இருக்கிற பங்காளிகள்கூட அதில் கைகூப்பியிருந்தார்கள்.

"இம்புட்டுப் பேரு போட்ருக்கானுக. ஒருத்தனும் வரலையேப்பா."

"நான் வந்தேன்ல சித்தப்பா."

"நீ நிச்சயம் நின்டுருமேன்னு வந்த" என்றார், கோபமே இல்லாமல். "சரி, கெளம்பு. வேல கெடக்கும்ல."

கையில் இருந்த பைக் சாவியையே நான் சட்டைப்பையில் தேடிக்கொண்டு நின்றேன்.