எந்த வீட்டுக் கம்ப்யூட்டர்?

கம்ப்யூட்டரை வைத்துப் பிழைப்பவன் நான். அப்படியிருந்தும், கம்ப்யூட்டரோடு ஒட்டாத வீடியோ கேமரா ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி, கடல் தாண்டி சென்னை மந்தைவெளி வரை சுமந்துபோன அறிவாளியும் நானே. ஆபீசில் இதை யாரிடமும் சொல்லவில்லை. தமிழில் எழுதினால் அவர்களுக்குத் தெரியாது என்கிற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஊரில், அதாவது நியூ ஜெர்சியில், கடைக்காரர்கள் நம்மைத் துருவிக் கேட்பதில்லை. எனக்கு இன்னும் அது பழகவில்லை. தி.நகரில் ஒரு மிக்ஸி வாங்கினாலும், "எந்த ஏரியா சார்? வோல்டேஜ் எப்படி? சட்னிக்கா, இட்லி மாவுக்கா?" என்று குடும்ப வரலாற்றையே கறந்துவிட்டுத்தான் பில் போடுவார்கள். இங்கே நான், "ஹோம் கம்ப்யூட்டரில் வேலை செய்யுமா?" என்றேன். "புது கம்ப்யூட்டரா?" என்றான் விற்பவன். "போன வருஷம்தான் வாங்கினேன்" என்றேன். "ஷ்யூர்" என்றான். இருவரும் சிரித்துக்கொண்டோம். அவன் மனதில் இருந்தது நான் குடியிருக்கும் வீடு. எனக்கோ ஹோம் என்றால் மந்தைவெளி. இங்கே இருப்பது அபார்ட்மெண்ட். போன லீவில் அப்பாவுக்கென்று நானே வாங்கி வைத்துவிட்டு வந்த கம்ப்யூட்டரைத்தான் சொன்னேன்.

கேமராவை அவசரமாக வாங்கியதற்குக் காரணம் இருந்தது. அப்பாவின் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிழைப்பார், பேசமாட்டார். தி.நகரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர் அப்பா. அத்தனை மெஷின்களின் சத்தத்துக்கு மேலே ஏறி நின்ற குரல் அது. அந்தக் குரல் போவதற்கு முன், அவர் பேசுவதை அப்படியே கம்ப்யூட்டரில் பதிந்து அம்மாவிடம் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது என் திட்டம். டேப் ரிக்கார்டர் இல்லையா என்று கேட்பீர்கள். அலமாரியிலேயே இருந்தது. சுலபமான வழி தோன்றாமலிருக்கத்தானே இவ்வளவு படித்தேன்.

அடையாறு ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அன்று மாலை, கேமரா ஒயரின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தேன். அந்த முனை நுழைகிற மாதிரி அதன் முதுகில் ஒரு துளைகூட இல்லை. டிவியிலாவது போட்டுப் பார்க்கலாம் என்று திருப்பினால், அதில் ஆண்டெனாவுக்கு மட்டும்தான் இடம். இந்த ஆராய்ச்சியில் கேமராவின் பாட்டரி கரைந்துகொண்டிருந்தது. அதன் சார்ஜருக்குத் தட்டையாக இரண்டு கால்கள். வட்டத் துளை போட்ட நம் வீட்டுச் சுவர் அவற்றை உள்ளே விடவில்லை.

"ஏண்டா, அவரண்ட நாலு வார்த்தை பேசேன். வந்ததுலேர்ந்து அந்தப் பெட்டியோட முதுகையே பாத்துண்டிருக்கே" என்றாள் அம்மா.

"விடுடா. வரலேன்னா போறது" என்றார் அப்பா. காகிதம் கிழிகிற மாதிரி இருந்தது குரல்.

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தினார். "இன்னா சார், பெரியவரை ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும்னு நிக்க வச்சிக்கினு, உள்ள இன்னா சினிமாவா எடுத்துக்கினு கீறே?"

சினிமாதான். பாட்டரி தீரப்போகிறது என்று கேமராவில் சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்திருந்தது. ஒயரை உதறிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அப்பாவின் முகத்துக்கு நேரே கேமராவைப் பிடித்தேன்.

"அப்பா, ஏதாவது சொல்லுங்கோ. சீக்கிரம்."

"என்ன சொல்றது?"

"மனசுல என்ன இருக்கோ அதை."

அவர் லென்ஸைப் பார்த்தார். யோசித்தார். இடது புருவம் மெல்ல உயர்ந்தது. சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பி, இருந்த குரலையெல்லாம் திரட்டி, "கேஸை மூடினியோ?" என்றார்.

"மூடியாச்சு" என்றாள் அம்மா, உள்ளிருந்து.

கேமரா அணைந்துபோனது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வெளியே கிளம்பும்போது அப்பா டம்ளரால் மேஜையைத் தட்டுகிறாராம். அம்மா "மூடியாச்சு" என்கிறாளாம். நான் திரும்பி வந்து பார்த்தால், இங்கே என் கம்ப்யூட்டரில் அந்தத் துளை இருந்தது. ஒயர் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. மந்தைவெளிக்காக எடுத்த குரல் நியூ ஜெர்சியில் குடியேறிவிட்டது. நான் ஆபீசுக்குக் கிளம்புமுன் ஒருமுறை அதைப் போட்டுக் கேட்கிறேன். வாய் தானாக "மூடியாச்சுப்பா" என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் இதை அம்மாவிடம் சொன்னேன். "கேசட்ல போட்டு உனக்கும் அனுப்பறேம்மா. இங்கே தினம் காலம்பற அப்பா, கேஸை மூடினியோன்னு கேக்கறார்" என்றேன்.

அம்மா மூக்கை உறிஞ்சுவது போனில் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"உங்காத்துலதான் கேஸே கிடையாதேடா, கரண்ட் அடுப்புதானே?" என்றாள்.