சேத்தூர்க் கூரையிலிருந்து இறக்கிய கண்ணாடித் துண்டு

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணிக்கு ராஜபாளையம் பேருந்தில் ஏறினோம். விடியும்வரை மழை பெய்திருந்ததால் சன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்திருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த ஜெனிபர் மடியில் ஒரு சிறு பெட்டியை வைத்து இரு கையாலும் பிடித்திருந்தாள்.

நான் திருவாரூரில் தமிழாசிரியை. ஜெனி என் பழைய விடுதித் தோழி. இப்போது திருச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சூரிய மின்கலம் செய்கிறாள். வீட்டு மாடிகளில் நாம் பார்க்கும் கனமான பலகை இல்லை. கரிமப் பொருள்களை மையாகக் கரைத்து பிளாஸ்டிக் தாளில் அச்சடிக்கிறார்கள். பாய்போலச் சுருட்டி எடுத்துப் போகலாம். ஓராண்டுக்கு முன் அப்படியொரு தாளை சேத்தூரில் ஒரு நாற்றுப் பண்ணையின் கூரையில் பரப்பினார்கள். இந்தக் கோடையில் அதன் மின்சாரம் பாதியாகிவிட்டது. ஏன் என்று பார்க்கப் போகிறாள். பள்ளி விடுமுறை, நானும் ஒட்டிக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் இறங்கி, வேறு பேருந்து பிடித்துச் சேத்தூர் போனோம். பத்து கிலோமீட்டருக்குள்தான். பண்ணையை நடத்தும் பேச்சியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பேச்சு பேச்சியம்மாளுடையதுதான்.

“ஏட்டி ஜெனி, போன வருசம் இந்தத் தாளை வச்சே மோட்டார் ஓடி நாத்துக்கு அம்புட்டுத் தண்ணியும் தெளிச்சுச்சு. இப்ப உச்சி வெயில்லயே திணறுது,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சோழபுரத்துல ரெண்டு வீட்டுக்காரவிய எங்கிட்ட வந்து விசாரிச்சாவ. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அவிய கூரைத் தகரத்தைப் பிரிச்சுட்டு, நீங்க வந்து போடுவியன்னு காத்துக் கெடக்காவ. நான் சொன்னது சரியா தப்பா, அதச் சொல்லு.”

ஜெனி ஏணியில் ஏறினாள். தாளுக்கு அருகில், அதே மையைப் பூசி மூடி ஒட்டிய ஒரு கண்ணாடித் துண்டைத் தாள் பரப்பிய அன்றே கட்டி வைத்திருந்தாள். அதை அவிழ்த்து இறக்கினாள். அதன் இரட்டைதான் மடியில் வந்த பெட்டிக்குள் இருந்தது. வெயிலே படாமல் ஓராண்டு இருட்டில் கிடந்தது.

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு இரண்டையும் கொண்டுபோனோம். எக்ஸ்ரே கருவிக்குப் பொறுப்பாளர் முத்துக்குமார், மம்சாபுரத்திலிருந்து பைக்கில் வந்து போகிறவர். கட்டில் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய். ஒரு முனையில் எக்ஸ்ரே, மறுமுனையில் அதைப் பதியும் தட்டு.

“உள்ளே என்ன தெரியும்?” என்று கேட்டேன்.

“படம் எதுவும் தெரியாதும்மா,” என்றார். “ஆவி படிஞ்ச கண்ணாடி வழியா லைட்டப் பார்த்தா சுத்தி ஒரு வட்டம் தெரியும்ல? துளி சின்னதா இருந்தா வட்டம் பெருசா இருக்கும். துளி பெருசானா வட்டம் சுருங்கும். எக்ஸ்ரேயும் அப்படித்தான் சிதறும். சிதறினதை வச்சு உள்ள இருக்கிறதோட அளவைக் கணக்குப் போடுதோம்.”

அந்த மையில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று எலக்ட்ரானைக் கொடுக்கும், மற்றது வாங்கும். தலைமுடியின் தடிமனைச் சில ஆயிரம் பங்காக்கினால் வரும் அளவுக்கு அவை நெருக்கமாகப் பின்னியிருந்தால்தான் மின்சாரம் வரும். வெயிலில் அவை தனித்தனியே திரண்டுவிட்டன என்பது ஜெனியின் சந்தேகம்.

கண்ணாடி மூடியை அவள் மெதுவாகத் திறந்தாள். வெயில் பட்ட துண்டு வேறு கிடையாது. முத்துக்குமார் அதைக் குழாய்க்குள் படுக்கவைத்து, குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சீவி எறிவதுபோல் எக்ஸ்ரே அதன் மேற்பரப்பை உரசிப்போகும்படி சாய்வைச் சரிசெய்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம்.

மதியத்துக்குப் பின் திரையில் சிதறலைக் காட்டும் இரண்டு கோடுகள் வந்தன. ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படிந்திருந்தன. வெயிலில் கிடந்ததும் இருட்டில் கிடந்ததும் ஒன்றுதான்.

“மாத்தி வச்சுட்டேனோ?” என்று முத்துக்குமார் மறுபடி ஓட்டினார். அதுவரை வெளியே போய்வாருங்கள் என்றார்.

கோபுரம் தெரியும் தெருவில் பால்கோவா வாங்கிக்கொண்டு நின்றோம். ஜெனி சாப்பிடவில்லை.

“சூடுதான் காரணம்னு கட்டுரையே பாதி எழுதிட்டேன், வசந்தி.”

“மை கெடலைன்னா நல்லதுதானேடி?”

“நல்லதுதான். ஆனா அது மேல ஒரு வருசமா நானே பழி போட்டுட்டிருந்தேன். இப்ப பழி யார் மேலேன்னு தெரியலையே.”

திரும்பியபோது அதே கோடு காத்திருந்தது. ஜெனி சொன்னாள்: “கண்ணாடிக்குள்ள காத்து, தண்ணி எதுவும் போகாது. தாளுக்குள்ள போகும்.”

மூன்றாம் நாள் மீண்டும் சேத்தூர். மீட்டரை வைத்துத் தாளைப் பட்டை பட்டையாக அளந்தாள். நடுப்பட்டைகள் புதிதில் போலவே வேலை செய்தன. ஓரப் பட்டைகள் செத்துக் கிடந்தன. ஒட்டின இடத்தின் வழியே ஈரம் இறங்கியிருந்தது.

“அக்கா, மை நல்லா இருக்கு. நாங்க ஓரத்தை ஒட்டினதுதான் சரியில்லை. சோழபுரத்துக்கு இப்ப வேண்டாம்,” என்றாள்.

பேச்சியம்மாள் கையிலிருந்த நாற்றுத் தட்டைக் கீழே வைத்தார். “தகரத்தைப் பிரிச்சவியட்ட நான் எந்த மூஞ்சியோட போயிச் சொல்ல?”

“நான் வாரேன். நானே சொல்றேன்.”

ஆட்டோ பிடித்து மூவரும் போனோம். முதல் வீட்டில் மோர் கொடுத்துக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் கூரையைக் காட்டினார். மேலே வெறும் சட்டம்தான் இருந்தது. “மழை வந்தா என்னம்மா செய்ய?” என்றார். ஜெனி தலைகுனிந்து நின்றாள். “தகரத்தை நாளைக்கே ஆள் வச்சு மாட்டிக் கொடுக்கச் சொல்றேன். ஓரத்தைச் சரிபண்ணி ஒரு மழைக்காலம் பார்த்துட்டுத்தான் உங்ககிட்ட மறுபடி வருவேன்,” என்றாள்.

“பொறவு வா. சரியானாலும் ஆவாட்டாலும் வந்து சொல்லிட்டுப் போ,” என்றார் அவர்.

மாலை ராஜபாளையத்தில் மதுரைப் பேருந்தில் ஏறினோம். எங்கள் ஊரில் சூரியன் வயலின் கடைசிவரை போய்த்தான் இறங்கும். இங்கே மலை அதைச் சீக்கிரமே வாங்கிக்கொள்கிறது. ஊர் நிழலில் இருக்க, மலைக்கு மேலே வானம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. ஜெனி உறங்கிவிட்டாள்.

பள்ளியில் தவறான விடைக்கு நான் ஒரு சிவப்புக் கோடு போடுவேன். அத்தோடு வேலை முடிந்தது. அந்தக் கோட்டுக்குப் பிறகு ஒருவர் எந்தெந்த வாசலுக்கெல்லாம் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பதை இந்த மூன்று நாளில்தான் பார்த்தேன்.