ஏரிக்கரையில் படம் போட்டவர்

அவர் பெயரை நான் கேட்கவில்லை. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகும் வழியில், புயல் மழையில் ரோடு மூழ்கி நான் ஏரிக்கரையில் மாட்டிக்கொண்ட அன்று, தன் பைக்கின் மேல் தார்ப்பாயைக் கட்டி அதன் அடியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார். ஒல்லியான ஆள், தலையில் பிளாஸ்டிக் கவர். மழையில் வர்ணம் காயாது என்பதால் அடிக்கடி வண்டியை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் சூட்டில் தாளைக் காட்டுவார்.

எதிரே முழங்கால் தண்ணீரில் ஒரு மண் வீடு. அந்த வீட்டுக்காரி மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கரையேற்றிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நின்றவள் படத்தை எட்டிப் பார்த்தாள். ஏரி இருந்தது, பனைமரங்கள் இருந்தன.

“எங்க ஊடு எங்கங்க?”

“செவுரு காலையிலேர்ந்து சாஞ்சிக்கினே வருதும்மா. எப்படியும் வுழுந்துடும். அதான் போடல.”

“காலையிலேர்ந்தா? நான் உள்ள போய்க்கினும் வந்துக்கினும் இருக்கறேனே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“நான் படம் போட வந்தவன்மா” என்றார், தலையைத் தூக்காமல்.

அவள் வாயைத் திறப்பதற்குள் சுவர் விழுந்தது. கூரை அதன்மேல் படுத்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுவரின் செம்மண் கரைந்து தண்ணீரில் பரவியது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தூரிகையைத் தோய்த்து, அதே சிவப்பைப் படத்து ஏரியில் மெதுவாக இழுத்துவிட்டு, தாளைச் சைலன்சரில் காட்டினார்.

அவள் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள்.

“இப்ப வந்துடுச்சுங்க, எங்க ஊடு.”

பாராட்டைக் கேட்டவர்போல அவர் தலையாட்டினார்.